ஃபேன் மேல் தவிட்டுப்புறா

தவிட்டுப்புறாவைப் போல ஒரு கூறுகெட்ட பறவையை நான் பார்த்ததில்லை. நாலு ஈர்க்குச்சி, எங்கள் வீட்டுக் கழிவுப் பட்டு கொஞ்சம். இதற்குப் பெயர் கூடாம்! கீழே நின்று அண்ணாந்தால் முட்டை தெரியும். அதையும் எங்கே கட்டியது? தறி அறை ஃபேன் மேல்.

அந்த ஃபேன் வந்த கதை அதைவிடக் கேவலம். செய்யாறு பக்கம் வாத்தியாராக இருக்கும் என் தம்பி ஆசையாக வாங்கி வந்து மாட்டியது. தறிக்கு மேல் காற்றடித்தால் பட்டிழை காய்ந்து பட்பட்டென்று அறும் என்பது ஆரணியில் யாருக்குத் தெரியாது? நெசவுக்காரர் வீட்டில் பிறந்தும் அவனுக்கு உறைக்கவில்லை. படித்த லட்சணம்! மாட்டிய நாளிலிருந்து அது சுற்றியதே இல்லை. புறாவுக்கு வேறென்ன வேண்டும், சன்னல் வழியாக வந்து குடியேறிவிட்டது.

இந்தச் சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. வைகாசி முகூர்த்தத்துக்குச் சேலை தறியை விட்டு இறங்கியாக வேண்டும். என் வீட்டுக்காரர் காற்றாடாத அறையில், தறிக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, பனியன் சொட்டச் சொட்ட நெய்தார். ஒரு மத்தியானம் அப்படியே நெய்த துணிமேல் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினேன்.

"ஃபேனப் போடறேங்க."

"இழை அறுந்துடும். மேல முட்ட வேற கீது. சும்மா இரு."

ஆள் போய்ச் சேரப் பார்த்தார், இவருக்கு இழையும் முட்டையும்!

தகவல் கேட்டு மறுநாள் தம்பி வந்தான். வந்தவன் மாமாவிடம் ஒரு வார்த்தை விசாரித்தான், அவ்வளவுதான். உடனே போனைத் தூக்கிப் புறாவைப் படம் பிடித்தான். லீவு நாளில் பறவை எண்ணுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன்.

"அக்கா, இதுக்கு ஒண்ணும் ஆபத்து இல்ல. எங்க பார்த்தாலும் பெருகிகினுதான் கீது. வெயில் இன்னும் ஏறினாலும் தாங்கிக்கும்னு போட்டிருக்காங்க. இதப் பத்திக் கவலையே வாணாம்."

போனில் புறாக் கணக்குக் கோடு ஒன்று மேலே ஏறுவதைக் காட்டினான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, உங்க மாமா இந்த வெயிலத் தாங்குவாரான்னு அதுல எங்கனா போட்டிருக்காங்களா?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. படுத்திருங்கள் என்று நான் சொல்லிவிட்டு வந்த மனுஷன் எழுந்து போய்க் குழிக்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார்.