குறை பிடிக்கப் போன சனிக்கிழமை

என் பெண்ணுக்குப் பாட்டு நானேதான் சொல்லிக் கொடுத்தேன். செம்மண்டலத்தில் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். மிளகாய் நெடி ஏறினவர் பேசுவதுபோல் அவர் பாடுவார் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் அவரிடம் அனுப்ப வழியில்லை. அனுப்பும் எண்ணமும் இல்லை. கடலூரில் யாருக்குப் பாட்டு வரும் என்று கேட்டால், என்னைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றியதே கிடையாது.

2009இல் பெண் எட்டாவது படித்தாள். பள்ளியில் பாட்டுப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பதிகம் பாட வேண்டும். அதற்காவது முறையாக யாரிடமாவது சேர்த்துவிடலாம் என்று என் கணவர் நச்சரிக்க ஆரம்பித்தார்.

"நம்ம ஊர்ல ஒனக்கு யாருமே தேறல. சரி, சிதம்பரம் போயி ஒரு நாளு பூரா கேட்டுட்டு வா. அங்கயும் ஒருத்தர் தேறலன்னா நான் இதப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். நீயே சொல்லிக் குடு" என்றார்.

"அவுங்கல்லாம் எப்பிடி பாடுறாங்கன்னு ஆதாரத்தோட கொண்டாறேன், பாருங்க" என்றேன்.

அவருடைய புது செல்போனில் பாட்டைப் பதிவு செய்யலாம். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலையில் தனியாக பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ் ஸ்பீக்கரில் அலறிய பாடகரிடம் மூன்று குறை கண்டுபிடித்தாயிற்று.

சிதம்பரத்தில் முதலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். பதினைந்து வயதில் அங்கே நடந்த ஒரு போட்டியில் நான் பாடியிருக்கிறேன். பல்லவி முடிந்ததுமே மணியடித்து இறக்கிவிட்டார்கள். பரிசு வாங்கிய பெண் நடுவருக்குச் சொந்தம் என்று அன்றைக்கே சொன்னேன், அதற்கப்புறமும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நிஜமாகவே சொந்தமா என்று மட்டும் விசாரித்ததில்லை. இப்போது அங்கே தள்ளுபடி விலையில் துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் பாடிய மேடையில் நைட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்த மேடைக்கு அதுதான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்கு வீதிப் பக்கம் ஒரு வாத்தியக் கடை. கடைக்காரர் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு, "பாடிப் பாருங்க மேடம், சேருதான்னு தெரியும்" என்றார்.

"எனக்கு எதுக்கு? சுருதி என் காதுலயே இருக்கு."

எங்கள் வீட்டில் சுருதிப் பெட்டியே கிடையாது. தூக்கம் வராத குழந்தைக்குத்தான் தூளி வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். வியாபாரம் தெரியாத மனுஷர்.

அவரே வழி சொன்ன ஒரு சந்தில் பாட்டு வகுப்பு நடந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டீச்சர் மேல் ஸட்ஜத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவைத்து, "இன்னும் மேல... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்க நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாசலில் நின்ற இருபது நிமிடமும் அந்த ஒரே 'ஸா'தான். இதற்கு ஒரு வகுப்பா! மூன்று வருஷத்தில் என் பெண்ணுக்கு நான் பதினான்கு பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் என்னைப் பார்த்து, "உள்ள வாங்கம்மா, ஒக்காருங்க" என்றார். நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கோயிலுக்குள் நுழையும்போது கோபுரத்து நடனச் சிலைகளை அண்ணாந்து பார்த்தேன். அவற்றிடம் குறை காண முடியவில்லை. கல் பாடாது அல்லவா!

உச்சிக்கால பூஜை முடிந்து மணிச்சத்தம் அடங்கியபின் ஓர் ஓதுவார் பதிகம் எடுத்தார். என் பெண் போட்டியில் பாட வேண்டிய அதே பதிகம். சரியான ஆள் அகப்பட்டார் என்று போனைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பதிவு செய்தேன். கூடவே பாடவும் செய்தேன். அது நம் ஜனங்களின் பழக்கம். வித்வான் பாடும்போது தொடையில் தட்டி, உதட்டுக்குள் அரையடி முந்திப் பாடி, எனக்கும் தெரியுமாக்கும் என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாவிட்டால் பாட்டுக் கேட்ட திருப்தியே வராது. மேலே போகும் இடத்தில் ஓதுவார் குரல் அளவுக்கு மீறி ஏறுவதாக எனக்குப் பட்டது.

"ரொம்ப ஜாஸ்தி தூக்குறாரு" என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இயர்போனைச் செருகிக்கொண்டு ஆதாரத்தைக் கேட்க ஆரம்பித்தேன். ஓதுவாரின் குரல் தூரத்தில் கேட்டது. ஆனால் கிட்டத்தில் ஒரு பெண்பிள்ளை கூடவே முனகிக்கொண்டிருந்தாள். அவர் மேலே போய் நிற்கும் இடத்திலெல்லாம் அவள் எட்ட முடியாமல் கொஞ்சம் கீழேயே தொங்கினாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். யார் இந்தச் சனியன், நல்ல பாட்டைக் கெடுக்கிறாளே, தள்ளி நின்ற அந்த அம்மாளாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் திட்டினேன். அப்போது அவள் முனகலை நிறுத்திவிட்டு, "ரொம்ப ஜாஸ்தி தூக்குறாரு" என்றாள்.

புதுச்சத்திரம் வருவதற்குள் நாலு தரம் கேட்டேன். போன் கோளாறாக இருக்கக்கூடாதா என்று ஆசையாக இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அதைவிட, வீட்டில் இருக்கிற பெண்ணை நினைத்தபோது பயமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "என்னா, யாராவது தேறுனாங்களா?" என்று கணவர் கேட்டார். பெண்ணைக் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, "இதோட சேந்து பாடு" என்றேன்.

நன்றாக உட்கார்ந்து, முதுகை நிமிர்த்திப் பாடினாள். மேலே போகும் இடம் வந்தது. ஓதுவார் போய் நின்றார். அவள் அவரோடு சேரவில்லை. பதிவில் இருந்த என் முனகலோடு, இம்மி பிசகாமல் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

போனை நிறுத்தினேன்.

"கீழ நிக்குதுடி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எதும்மா கீழ நிக்குது? நீ சொல்லிக் குடுத்த எடத்துலதான நிக்கிறேன்?" என்றாள்.