இடப்பக்கம் போன அம்புகள்

ஓய்வு பெற்ற ஆண்டில்தான் வில்லைக் கையில் எடுத்தேன். தோள்பட்டை ஏற்கெனவே பழுது. அதனால் இருபத்திரண்டு பவுண்டு இழுவிசை போதுமென்று, நுனிகள் முன்பக்கம் வளைந்த மர வில் ஒன்றை வாங்கினேன். குறிபார்க்கும் கருவி எதுவும் அதில் கிடையாது. சனிக்கிழமை காலைகளில் நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் பழைய பந்துத் திடலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி எய்வோம். பாச்சாங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, முதலில் தெங்கேராவுக்குப் போய்ப் பாயை ஏற்றிக்கொள்வேன்.

பாய் தெங்கேராவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். வயதில் எனக்கு இளையவர், வில்லில் எனக்குப் பல ஆண்டு மூத்தவர். நாற்பது பவுண்டு வில்லை ஈர்க்குச்சியை வளைப்பதுபோல இழுப்பார். ஆண்டுக் கடைசியில் எங்கள் திடலில் நடக்கும் இணைப் போட்டியில் இரண்டு முறை நாங்கள் ஜோடியாக நின்றிருக்கிறோம். மூன்றாம் முறையும் நிற்பதாகத்தான் பேச்சு.

என் அம்புகளைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. வில்லை விட்டுக் கிளம்பும் அம்பு நேராகப் போவதில்லை. மீன் நெளிவதுபோல உடலை வளைத்து, வில்லின் பக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. இலேசான வில்லில் விறைப்பான அம்பைப் பூட்டினால் அது போதுமான அளவு வளையாது. என்னைப் போன்ற வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் ஒதுங்கும். மிகவும் இளகிய அம்பு வலப்பக்கம் ஒதுங்கும். பாய் நாற்பது தேவதாருக் குச்சிகளைத் தன் கடைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்து, கோணல்களை ஒதுக்கினார். மிச்சத்தை ஒவ்வொன்றாக இரண்டு ஆணிகளின் மேல் கிடத்தி, நடுவில் இரண்டு பவுண்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ஒரே அளவு தொய்ந்த பன்னிரண்டுக்குச் சிவப்பு இறகு ஒட்டினார். அவருடைய சொந்த அம்புகளுக்கும் அதே சிவப்பு இறகுதான்.

என்னிடம் இரண்டு குறிப்பேடுகள் உண்டு. ஒன்று வீட்டுக்கு, மற்றது வில்லுக்கு. எய்த ஒவ்வொரு அம்பும் எங்கே குத்தியது என்பது வில் குறிப்பேட்டில் கிழமை, காற்று, வெயில் விவரத்தோடு இருக்கும். செப்டம்பர் முழுக்க அம்புகள் நடுவில் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. மாதக் கடைசியில், குச்சிகளை அரை அங்குலம் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார் பாய். பன்னிரண்டையும் அவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கடையில் வைத்திருந்து, அடுத்த சனிக்கிழமை திடலில் திருப்பித் தந்தார்.

அன்றைக்கு எல்லாம் இடப்பக்கம் போயின. ஒன்றிரண்டு அல்ல, பன்னிரண்டும்.

அரை அங்குலம் குறைத்தால் அம்பு கொஞ்சம் விறைக்கும், தெரியும். ஆனால் ஒரு சாண் தள்ளிப் போகுமா? சோதனைக்காக இரண்டு அம்புகளில் இறகைப் பிய்த்துவிட்டு எய்து பார்த்தேன். இறகில்லாத அம்பு பொய் சொல்லாது. இரண்டும் இன்னும் இடப்பக்கம் தள்ளிக் குத்தின. விறைப்பான குச்சி என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். பாய் சற்றுத் தள்ளி நின்று என் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தன் அம்புகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டைப் புரட்டினேன். இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவே என் அம்புகளைத் தொட்டவர் ஒருவர்தான். தொய்வு அளவுகளும் அவர் வாயால் சொல்லி நான் எழுதியவையே. அவருடைய கனத்த வில்லுக்கான, கோணிப்போன பழைய குச்சிகளை வெட்டி, அதே சிவப்பு இறகோடு என் தலையில் கட்டிவிட்டு, நல்ல குச்சிகளை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். கிழமைவாரியாக எழுதிப் பார்த்தபோது அது பொருந்தியது. பொருந்தியதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

அடுத்த வாரம் கனமான முனைகளை வாங்கிப் பூட்டினேன். முனை கனத்தால் குச்சி இளகியதுபோல நடந்துகொள்ளும். பாதி குறை தீர்ந்தது. பிறகு இன்னொரு காரியமும் செய்தேன். ஒவ்வோர் அம்பிலும், நாண் மாட்டும் பள்ளத்துக்குக் கீழே, ஊசியால் ஒரு சின்னக் கோடு கீறினேன். மறுபடி மாற்றினால் தெரிந்துவிடும் அல்லவா. பிய்த்த இறகுகளை ஒட்டித் தரும்படி அந்த இரண்டையும், ஒன்றும் தெரியாதவன்போல, பாயிடமே கொடுத்தேன். கோட்டோடு அப்படியே திரும்பி வந்தன. அதையும் சந்தேகித்தேன்: உஷாராகிவிட்டார் என்று.

மூன்றாவது சனிக்கிழமை, இணைப் பெயர்களைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள். திடலைப் பார்த்துக்கொள்ளும் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், நோட்டோடு வந்து நின்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் கிராணியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாயைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டுவிட்டேன்.

"பாய், இது நீங்க மொதல்ல குடுத்த அம்புதானா?"

அவர் என் தூணியிலிருந்து ஓர் அம்பை உருவி, வெயிலில் திருப்பி, கோடு இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"எறகு ஒட்டும்போதே பாத்தேன்ணே. வண்டிக்கு நம்பர் போடற மாதிரி கோடு போட்டிருக்கீங்க. என் மாமியார்கூட என்னை இவ்வளவு செக் பண்ணதில்ல."

அவர் என் வில்லைக் காட்டினார். கையில் வாங்கவில்லை, காட்டினார்.

"அம்பு ஒரசற எடத்துல என்ன இருக்குன்னு பாருங்க."

அம்பு படியும் இடத்துக்குப் பக்கவாட்டில் ஒட்டிய தோல்துண்டின் மேல் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பாய் அம்புகளை வைத்திருந்த அந்த வாரத்தின் நடுவில்தான் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடும் தையல் மிஷினோடும் வில்லையும் சாமி முன்னால் வைத்திருந்தோம். மனைவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். வில்லுக்கு முகம் எதுவென்று யோசித்து, நடுவில் வைத்தாள். அதன்பின் வில் பூஜையறையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் காருக்கும் மிஷினுக்கும் வைக்கும்போது வில்லுக்கும், பழைய பொட்டின் மேலேயே வைத்தாள். எங்கள் வீட்டில் பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. தோலில் ஊறிக் காய்ந்து, அது ஒரு வெள்ளிக் காசின் தடிப்புக்கு வந்திருந்தது. அந்தத் தடிப்புதான் அம்பை இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. பூஜை நடந்ததை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன், பொங்கல், சுண்டல் விவரத்தோடு. வில் குறிப்பேட்டில் ஒரு சொல்கூட இல்லை.

"மொத வாரமே தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?"

"சாமி விஷயம்லா. நான் எப்படிண்ணே அதை அழிங்கன்னு சொல்றது? நீங்க படிச்சவரு, தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. தண்ணீர் தொட்டு, கைக்குட்டையால் ஊறவைத்து எடுத்தேன். பாய் அந்த நேரம் முழுக்கச் செம்பனை மரங்களின் பக்கம் திரும்பி நின்றார். மூன்று அம்புகள் எய்தேன். மூன்றும் வலப்பக்கம், நான்கு விரற்கடை தள்ளி. குச்சிகளில் குறையில்லை. நான் மாட்டிய கனமான முனைகள்தான் இப்போது அவற்றை இழுத்துக்கொண்டு போயின.

கிராணியிடம் போய், எங்கள் இருவர் பெயரையும் எழுதச் சொன்னேன். பாய் பின்னாலேயே வந்தார்.

"இந்த வாட்டி வேணாம்ணே," என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் தனியா விட்டுப் பாக்கறேன்."

கிராணி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

திரும்பும் வழியில் பாய் வழக்கம்போலப் பேசினார். டுரியான் பழத்தின் விலை, மருமகன் வாங்கிய லாரி, கடைக்கு எதிரே பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்கள். நான் உம் கொட்டினேன். கோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, மன்னிப்பை நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று ஜாசின் தாண்டும்வரை வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

தெங்கேராவில் இறங்கியவர் கதவைச் சாத்தாமல் குனிந்து கையை நீட்டினார். பழைய முனைகளை மறுபடி பூட்ட வேண்டுமாம், அம்புகளைக் கேட்டார். தூணியோடு கொடுத்தேன். அவர் அங்கேயே, சாலையோரத்தில், பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக உருவி எண்ணினார்.

"பன்னெண்டு. எழுதிக்குங்கண்ணே."

அன்று இரண்டு குறிப்பேடுகளிலும் எழுதினேன்.