ஆர்மோனியத்தில் இல்லாத சுரம்

அறுபதுகளில் மட்டக்களப்பில் ஒரு சிறிய மெதடிஸ்த கோயிலில் நான் ஆர்மோனியம் வாசித்தேன். வாசித்தேன் என்பது என் கூற்று, போதகர் பொறுத்துக்கொண்டார். கை வராத குறையைத் தத்துவத்தால் ஈடுகட்டலாம் என்று நம்பிய வயது. ஒரு கொப்பியில் சுரங்களுக்குப் புதுப் பெயர் வைக்கத் தொடங்கினேன். ச, ரி, க என்பவை சுரம் எங்கே நிற்கிறது என்றுதான் சொல்கின்றன, பாட்டுக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்வதில்லை என்பது என் கண்டுபிடிப்பு. பாட்டு வந்து அமரும் சுரம் 'வீடு'. வேலிக் கதவுபோல வீட்டுக்குள் போகவிடுவது 'படலை'. இரண்டு கட்டைகளுக்கு நடுவில், ஆர்மோனியத்தில் அகப்படாமல் தொண்டையில் மட்டும் கேட்பவை 'வரம்பு'. அப்பாவுக்கு வவுணதீவில் வயல் இருந்ததால் கற்பனை அதற்கு மேல் ஓடவில்லை.

பாடகர் குழுவில் ஒரு தாதி இருந்தாள். அவளுடைய 'க', அதாவது காந்தாரம், பெரிய காந்தாரமுமல்ல, சின்னதுமல்ல. பாட்டை வீட்டுக்குள்ளும் விடாது, வெளியேயும் விடாது. அதற்கு 'ஏக்கம்' என்று எழுதினேன். யாருடைய ஏக்கம் என்று எழுதவில்லை. எனக்கு அவள்மேல் விருப்பம். அதைச் சொல்ல வாய் வராமல் ஒருநாள் பயிற்சி முடிந்ததும் இப்படிச் சொன்னேன்:

"அந்தக் கடைசி வரியில உங்கட சத்தம் ரெண்டு கட்டைக்கும் நடுவில நிக்குது."

"ஓம் மாஸ்டர்," என்றாள்.

ஒரு பெண்ணிடம் இதைவிட இனிமையாக எவனும் பேசியிருக்க முடியாது என்ற நினைப்போடு வீடு போனேன்.

அடுத்த மாதம் அறுவடைப் பண்டிகை. அந்தப் பாட்டை அவள் தனியாகப் பாட வேண்டும். இடையில் அவள் பயிற்சிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்றார்கள். என் விருப்பத்தை ஆர்மோனியமே சொல்லட்டும் என்று முடிவுகட்டினேன். பண்டிகைக்கு முதல்நாள் பின்னேரம் பெட்டியைத் திறந்து, காந்தாரக் கட்டைக்குச் சத்தம் தரும் பித்தளை நாக்கின் அடிப்பக்கத்தை அரத்தால் சுரண்டிச் சுரண்டி, அவளுடைய சுரத்துக்கு இறக்கினேன். மற்றப் பாட்டுகளுக்கும் அதே கட்டைதான் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதற்பாட்டிலேயே சபை திரும்பிப் பார்த்தது. போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று நினைத்தேன். பிறகு அவள் எழுந்தாள். கடைசி வரியில், அச்சுப் பிசகாமல், ஆர்மோனியத்தின் பழைய காந்தாரத்தைப் பாடினாள். என் பெட்டியோ அவளுடைய பழைய சுரத்தில் நின்று அவளோடு மோதியது. பாட்டை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

"நீங்க சொன்ன நாளில இருந்து அக்கா வீட்டு ஆர்மோனியத்தில பழகினநான் மாஸ்டர்," என்றாள். "உங்களுக்குப் புடிக்கோணும் எண்டுதான். மறுகா என்னத்துக்கு எல்லாருக்கும் முன்னால என்னைப் பகிடி பண்ணினீங்க?"

படலை, வரம்பு, காந்தாரம் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். 'எனக்கு உங்களை விருப்பம்' என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்தபோது பஸ் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கு முன் நாக்கின் நுனியைச் சுரண்டி ஆர்மோனியத்தைச் சரியாக்கிவிட்டேன். அவள் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பாடும்போது பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள்.