எங்கே போகிறீர்கள் என்று கேட்காத வீடு

இந்தக் கிராமத்துக்கு நாங்கள் குடிவந்ததற்கு என் கணவரின் இதயந்தான் காரணம். முன்பு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் நாங்கள் இருந்த வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் சொன்ன மருந்துகளில் பெரிய மருந்து நடைதான். நாள் தவறாமல் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் மறுபடியும் இங்கேதான் சந்திப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பு. எனக்கு அன்றோடு நித்திரை போனது.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பலகை நிற்கிறது. அதிலிருந்து மூன்று நடைபாதைகள் பிரிகின்றன. சிவப்பு அடையாளம் ஆற்றங்கரையால் போகும், மஞ்சள் திராட்சைத் தோட்டத்தால், நீலம் காட்டுக்குள்ளால். எதில் போனாலும் சுற்றிக்கொண்டு அதே பலகைக்குத்தான் வந்து சேர வேண்டும். ‘இலகுவான பாதை’ என்று எழுதி, பக்கத்தில் குழந்தை வண்டி தள்ளும் ஒரு பெண்ணின் படமும் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் எதுவும் இலகுவாகத் தெரியவில்லை. ஆற்றங்கரையில் சறுக்கி விழலாம். தோட்டத்து ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கலாம். காட்டில் பன்றி இருக்கிறது, புல்லில் உண்ணி இருக்கிறது.

“உமக்குப் பயப்பிட ஒரு காரணமும் தேவையில்லை, பலகை ஒண்டு காணும்” என்பார் என் கணவர்.

ஆரம்பத்தில் நானும் கூடப் போனேன். வளைவுக்கு வளைவு மூச்சு வாங்குதோ, நெஞ்சுக்குள்ளே ஏதும் செய்யுதோ என்று கேட்டுக் கேட்டு மனிதரை ஒருவழி பண்ணிவிட்டேன். “நீர் வந்தால் எனக்கு வராத வருத்தமும் வரும்” என்று சொல்லித் தனியே போகத் தொடங்கினார். பிறகு நான் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டேன். அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போனை வாசலில் காலணி வைக்கும் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இவ்வளவு பயந்தவள், எந்தப் பாதையால் போகிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்க மாட்டேன். எங்கள் வீட்டில் வெளிக்கிட்டு நிற்கிறவரிடம் எங்கே என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்டே ஆகவேண்டுமென்றால் “தூரமோ?” என்று கேட்பது. போகிறவரும் “போறன்” என்று சொல்லக்கூடாது, “போட்டு வாறன்”, போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். தப்பித்தவறி யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால், திரும்பி உள்ளே வந்து, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

ஜெர்மனியில் இருந்துகொண்டு இதென்ன மூடத்தனம் என்று என் மகளே சண்டை பிடிப்பாள். அவளுக்கு என்ன தெரியும்! என் அண்ணா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டுகிற நேரம் சித்தி, “எங்கயடா போறாய்?” என்று கேட்டா. அண்ணா சிரித்துவிட்டுப் போனான். ஊரில் போர் நடந்த சண்டைக் காலம். அவன் திரும்பி வரவில்லை, எங்கே போனான் என்பதும் இன்றுவரை தெரியாது. சித்தி சாகும்வரைக்கும் ஊர் அந்தக் கேள்வியை அவவின் தலையில் கட்டிவைத்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வருமா?

ஒரு சனிக்கிழமை, கார்த்திகை மாதத்துப் பனிப்புகார். ஜன்னலால் பார்த்தால் எதிர்வீட்டு மதில்கூடப் பாதிதான் தெரிந்தது. அவர் மண்ணிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“போட்டு வாறன்.”

“தூரமோ?”

“இல்லையப்பா, கிட்டத்தான்.”

சோற்றை வடித்துவிட்டு நிமிர்ந்தபோது முதல் துப்பாக்கி வெடி கேட்டது.

ஏதோ கதவு அடிபட்ட சத்தமாக்கும் என்று என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன். இரண்டாவது வெடியோடு அதுவும் முடியாமல் போனது. அந்தச் சத்தத்தை வேறு எதுவென்று நினைக்கவும் எனக்கு ஏலாது. அடுப்பை நிறுத்தினேனா என்றுகூடத் தெரியாமல், வீட்டுச் செருப்போடு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்த ஊரிலேயே பிறந்தவர்.

“பயப்படாதீர்கள், இன்று காட்டில் பன்றி வேட்டை. அறிவித்தல் போட்டிருந்தார்களே” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “உங்கள் கணவர் எங்கே?”

எங்கே! அதே கேள்வி.

அவர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு காட்டின் வாசலுக்குப் போனார். நீலப் பாதையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமான நாடா கட்டி, செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு வேட்டைக்காரர் காவல் நின்றார். தான் நாடா கட்டியதற்குப் பிறகு யாரும் உள்ளே போகவில்லை என்றார். அதற்கு முதல் போயிருந்தால்? அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார், உங்கள் கணவர் எந்தப் பாதையால் போனார் என்று.

“தெரியாது.”

“வெளிக்கிடும்போது உங்களிடம் சொல்லவில்லையா?”

“நான் கேட்கவில்லை. நாங்கள் கேட்பதில்லை.”

பக்கத்து வீட்டுப் பெண் என் தோளில் கை வைத்து, “காலையில் ஏதும் சண்டையா?” என்று மெதுவாகக் கேட்டார். என் மனிதருக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கவில்லை என்பதை எந்த ஜெர்மனில் சொல்வது? இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

என்ன நிற உடுப்பு என்று வேட்டைக்காரர் கேட்டார். மண்ணிறம் என்றேன். ஊத்தை தெரியாது என்று கடை முழுக்கத் தேடி நான்தான் அந்த நிறத்தைப் பொறுக்கி எடுத்தேன். அந்த ஆளின் முகம் மாறியது. உடனே வயர்லெஸை எடுத்து வேகமாகப் பேசினார். எனக்கு விளங்கிய சொல் ‘நிறுத்துங்கள்’ ஒன்றுதான். புகாருக்குள்ளே எங்கேயோ இன்னும் ஒரு வெடி கேட்டது. அதன் பிறகு வேட்டையை நிறுத்தக் கொம்பு ஊதினார்கள். ஊதி முடிந்து வந்த அமைதி வெடியைவிடப் பயங்கரமாக இருந்தது. சித்தியின் முகம் வந்தது. அவ கேட்டுக் கெட்டா, நான் கேளாமல் கெட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பாதையிலும் தேட வேண்டியிருந்தது. வேட்டைக்காரர்களில் ஆற்றங்கரைக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர் என்று போனார்கள். எனக்குக் காட்டைத் தவிர வேறெங்கும் போக மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் ஆளுக்கொரு செம்மஞ்சள் அங்கி தந்தார்கள். வேட்டைக்காரர் முன்னால் நடந்தார்.

“இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!” என்று கத்தினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, தானும் அதையே நீட்டி முழக்கிக் கத்தினார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பலகையில் குழந்தை வண்டி ஓடுகிற அந்தப் பாதையில், காலுக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று பார்த்துப் பார்த்து நடந்தேன். எந்த மரக்குற்றியைப் பார்த்தாலும் அவராகத் தெரிந்தது. வேட்டைக்காரர்கள் ஏறி இருந்து சுடும் உயர்ந்த மரப் பரண் ஒன்று புகாருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, ஊரில் சந்திக்குச் சந்தி நின்ற ஆமிக் காவலரண் என்றே ஒரு கணம் நினைத்தேன். அதைக் கடந்தால் பாதையோரம் ஒரு வாய்க்கால். அதற்குள் மண்ணிற ஜாக்கெட்.

குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் பிடரியைப் பொத்தியிருந்தன. முதுகில் இலைகள் விழுந்திருந்தன. என் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தோளைத் தொட்டேன். சட்டென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

“படு! எழும்பாத, படு!”

நானும் படுத்துவிட்டேன். சேற்றில் முகத்தை வைத்து, அவர் பக்கத்தில், அதே மாதிரி பிடரியைப் பொத்திக்கொண்டு. வேட்டை நின்றது எனக்குத் தெரியும், ஆனாலும் படுத்தேன். மேலே பக்கத்து வீட்டுப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கையை அவர் நெஞ்சுக்குக் கீழே நுழைத்துப் பார்த்தேன். இதயம் அடித்துக்கொண்டிருந்தது, கண்டபாட்டுக்கு, ஆனால் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

“நிண்டிட்டுதோ?” என்று கேட்டார்.

“ஓம், நிப்பாட்டிப்போட்டாங்கள். பண்டி சுடுறவங்கள்தான்.”

“பண்டி வேட்டை எண்டு எனக்குத் தெரியும். இந்தக் காலுக்குத் தெரியேல்லை.”

அன்றே அவரைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மண்ணிற ஜாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணைக் குத்துகிற செம்மஞ்சளில் ஒன்று வாங்கினேன். சில நாள் வீட்டிலேயே இருந்தார். கதவு அடித்தாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் நடக்காமல் விட்டால் அதற்கும் எனக்குப் பயம்.

ஒரு காலை அவரே சப்பாத்தைப் போட்டார்.

“போட்டு வாறன்.”

தூரமோ என்ற சொல் வாயில் வந்து நின்றது. சித்தியை நினைத்தேன். வாய்க்காலை நினைத்தேன். கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க போறியள்?”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குசினிக்குள் மேசையடிக் கதிரையில் இருந்தார். நான் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“சிவப்புப் பாதை. ஆத்தங்கரையால போய், பாலத்தடியால திரும்பி வாறன்.”

வாசல்வரை போனவர் அங்கே நின்றார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“அண்டைக்கு அந்த வாய்க்காலுக்குள்ள வெடிக்குப் பயந்து கிடந்ததை விட, நான் எங்க கிடக்கிறன் எண்டு உமக்குத் தெரியாதே எண்டுதான் கூடப் பயந்தனான். நாளைக்கும் கேளும்.”