தண்ணீர் படாத இடம்

கொழும்பில் நெஞ்சைத் திறந்து இதயத்து வால்வைச் சரிசெய்து அனுப்பியபோது, என் புருஷன் பிழைத்துவிட்டார் என்றுதான் நிந்தவூரில் எல்லோரும் பேசினார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் திறந்து தையலைக் காட்டுவார், நல்ல விளைச்சல் கண்ட போடியார் மாதிரி. எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு தையலின் கீழ்முனை திறந்துகொண்டது. சிறிய துளைதான். ஆனால் சீழ் வடிவது நிற்கவில்லை. மேலே பொருக்குக் கட்டும், அல்ஹம்துலில்லாஹ் என்போம், மறுபடி உடைத்துக்கொள்ளும். பிளந்த எலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பியில் கிருமி இருக்கிறது என்றார் டொக்டர்.

"மேலால மூடினாக் காணாது. உள்ளுக்கிருந்து சதை வளந்து வரணும். அதுவரைக்கும் தண்ணி படப்படாது."

மருந்தில் நனைத்த துணித்திரியைத் துளைக்குள் வைக்க நேர்ஸ் எனக்குக் காட்டித் தந்தார். அன்றிலிருந்து அது என் வேலை. திரியைச் செருகும்போது என் புருஷன் முகட்டைப் பார்த்தபடி ஸலவாத்து ஓதுவார். சீழ் வாடை தெரியாமலிருக்க அத்தர் பூசிக்கொள்வார். இரண்டும் கலந்த அந்த வாடை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவருடைய பெரிய கவலை தொழுகைக்கான குளிப்புத்தான். தயம்மும் செய்தால் போதும், சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ளுங்கள் என்று பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்கே வந்து சொன்னார். இவருக்கு மனம் ஒப்பவில்லை.

"தண்ணிக்குள்ள நிண்டு வெள்ளாமை செஞ்சவன் நான். மண்ணத் தடவிக்கிட்டா பள்ளிக்குப் போற?"

"அல்லாஹ் தந்த சலுகைய வேணாமெண்டு சொல்ல நீங்க யாரு?" என்று நான் சண்டைக்குப் போவேன். நான் அள்ளாத நேரங்களில் கிணற்று வாளியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்கும் சிரித்தார்.

நோன்பு மாதத்தில் துளை சுருங்கியது. திரி உள்ளே போக இடமே இல்லை. நான் வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்.

பெருநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது அவர் மாவடிப்பள்ளி வயலுக்குப் போய், வாய்க்காலில் முங்கிப் பெருநாள் குளிப்புக் குளித்திருக்கிறார். தலையில் ஈரம் சொட்ட வந்து நின்றார்.

"இப்பதான் கா மனிசனாயிருக்கு."

அந்த முகத்தைப் பார்த்து என்னால் ஏச முடியவில்லை. பிறகு ஏசினேன், இன்றைக்கும் ஏசுகிறேன்.

பெருநாள் முடிந்து சில நாட்களில் குளிர்காய்ச்சல் வந்தது. மூடியிருந்த இடம் உடைத்துக்கொண்டு சீழ் கொட்டியது. மறுபடி கொழும்புக்குக் கொண்டுபோனோம். அது கலவர காலம். சோதனைச் சாவடிகளில் இறங்கச் சொன்னபோதெல்லாம் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினோம். கம்பியை எடுத்தார்கள். ஆனால் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. மையித்தாகத்தான் வேனில் திரும்பி வந்தார்.

முற்றத்தில் புடவைகளால் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். நான் உள்ளே அறையில் இருந்தேன். தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. என் வாளிதான், அலுமாரியைத் திறந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். அவருடைய மூத்த சகோதரர், காக்கா, ஊற்றத் தொடங்கினார். என்னை அறியாமல் எழுந்து ஜன்னலடிக்குப் போனேன்.

"மச்சான், நெஞ்சில தண்ணி படாமப் பாத்து ஊத்துங்க."

மறைப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஓம் புள்ள," என்றார் மச்சான். பிறகு வெகுநேரம் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.