ஒரு மணிக் காற்று

காற்றைப் பற்றி அன்புமணியிடம் வாதம் செய்ய வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஆள் கிடையாது. செய்தவர்கள் மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கிறார்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடமாகக் கிரேனுக்குக் கை காட்டும் வேலை அவருக்கு. மேலே கேபினில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுபவர் நீலமேகம். பெட்டி தரையைத் தொடும் இடம் நீலமேகத்தின் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்கும் அன்புமணியின் கைதான் தெரியும். ஏற்று என்றால் ஏற்றுவார், நிறுத்து என்றால் நிறுத்துவார், ஏன் என்று கேட்க மாட்டார். கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் கீழே எவன் காலாவது நசுங்கியிருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், காற்றளக்கும் கருவி எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அன்புமணி இரண்டு கையையும் குறுக்கே போட்டு வேலையை நிறுத்திவிட்டார். மேனேஜர் கத்தினார். நீலமேகம் இறங்கி வந்து பீடி பற்ற வைத்தார். பீடி முடிவதற்குள் அடித்த காற்றில் பக்கத்து யார்டில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகள் சரிந்து விழுந்தன. அன்றிலிருந்து அவருக்குக் 'காத்து அன்பு' என்று பேர். பேரோடு சேர்ந்து தலையில் கொஞ்சம் கொம்பும் முளைத்துவிட்டது.

ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. நட என்றார் டாக்டர். தான் நடப்பது மட்டும் போதாதென்று அன்புமணி ஊரையும் நடக்கவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர்க் கடற்கரை, புழல் ஏரிக்கரை, அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம் என்று ஒரு சின்னக் கூட்டம் கிளம்பும். அவர் மனைவி செங்கொடி, நீலமேகம், ராயபுரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஐரீன், அதே தெருவில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் சுடலைராஜ், அவர் மனைவி ஜெயக்கொடி. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிழலில் உட்காருவது, எப்போது திரும்புவது எல்லாம் அன்புமணியின் உத்தரவு. ஒருமுறை ஐரீன் மழை வரும் என்றார். வராது என்றார் இவர். வரவில்லை, ஐரீன் குடையைச் சுமந்ததுதான் மிச்சம். அதோடு விட்டிருக்கலாம். இவர் ஒரு வாரம் ஐரீனோடு பேசவில்லை, கூட்டத்துக்கும் ஒரு சட்டம் போட்டார்: "காத்து விசயத்துல ஒரே வாய்தான் பேசணும். ஆளாளுக்கு வாய வுட்டா பேஜாராய்டும்." யார்டில் அது சரியான சட்டம்தான். ஏரிக்கரையிலும் அதுவேதான் சரி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சுடலைராஜின் சொந்த ஊர் திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழிப் பக்கம். அங்கே தேரிக்காடு என்று ஒன்று உண்டு. கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல். நடுநடுவே பனை, உடைமரம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பாலைவனம் இருக்கிறது என்று கேட்டதும் அன்புமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனி மாதம் யார்டில் பராமரிப்புக்காக மூன்று நாள் வேலை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளுக்குத் திட்டம் போட்டார்.

திட்டம் இதுதான். ரயிலில் போய் சுடலைராஜின் ஊரில் தங்கி, மறுநாள் விடியற்காலம் கிளம்பி, தேரிக்கு உள்ளே இருக்கும் அய்யனார் கோயிலுக்கு ஒன்பதரைக்குள் போய்ச் சேர்வது. அங்கே மரத்தடியில் இளைப்பாறுவது. ஒரு மணிக்குத் திரும்பி நடப்பது. ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், அதற்கு மேல் சுமை கூடாது.

மத்தியானம் ஒரு மணிக்கு எவனாவது மணல்காட்டில் இறங்குவானா என்று நீங்கள் கேட்கலாம். ராயபுரத்துக்காரனைக் கேட்டால் இறங்குவேன் என்பான். கோடையில் சென்னைக் கடலோரத்தில் காலையிலிருந்து மேற்குக் காற்று அனலாக வீசும். ஒரு மணி வாக்கில் அது பத்து நிமிடம் செத்துப்போகும். இலை அசையாது. அப்புறம் கடலிலிருந்து காற்று திரும்பும். வீட்டில் கிழக்கு ஜன்னலைத் திறப்பார்கள். வெளிவேலை எல்லாம் அதற்கு மேல்தான் என்று ஒதுக்கி வைத்திருந்த பெண்கள் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். ராயபுரத்தில் பிறந்தது முதல் அன்புமணி பார்த்த காற்று அது. தேரியிலிருந்து கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வந்துசேர அரை மணி கூடுதலாகட்டுமே என்று கணக்குப் போட்டார். செல்போனில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் என்று போட்டிருந்ததைப் பார்க்காமலில்லை. காலையில் நம்ம ஊரிலும் மேற்குத்தானே என்று தள்ளிவிட்டார்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. மணல் குளிர்ந்து கிடந்தது. செங்கொடி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நீலமேகம், இருபது வருடம் தரையை மேலிருந்தே பார்த்த ஆள், குனிந்து குனிந்து மணலை அள்ளிப் பார்த்தார். கோயில் மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் சுடலைராஜ் எழுந்து போய் மேற்கே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். ஒரு மணிக்கு அன்புமணி கையை உயர்த்தினார். எல்லாரும் எழுந்தார்கள்.

ஒன்றரை மணிக்குக் காற்று சாகவில்லை. பனையோலை எல்லாம் கிழக்கே பார்த்துச் சடசடத்துக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால். இன்னும் பத்து நிமிடம் என்று அன்புமணி சொன்னார். இரண்டு மணிக்கு அது இன்னும் ஓங்கியது. மணல் முழங்கால் உயரத்துக்குக் கிளம்பி ஓடியது. காலையில் வந்த தடத்தைத் தேடிப் பார்த்தார். ஒரு காலடி கூட இல்லை. திரும்பி, இப்போதுதான் வைத்த தன் காலடியைப் பார்த்தார். கண்ணெதிரே அது நிரம்பி மூடிக்கொண்டது. காற்று தன் பேச்சைக் கேட்காமல் போகும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

நீலமேகம் பேச்சை நிறுத்தி அரை மணி ஆகியிருந்தது. பெரிய பேச்சுக்காரர் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஐரீன்தான் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "வேர்வை நின்னுடிச்சி, உக்கார வைங்க" என்றார். உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத லீவரைத் தள்ளவும் இழுக்கவும் ஆரம்பித்தார். கண் திறந்திருந்தது. அன்புமணி எதிரே மண்டியிட்டு மாமு, மாமு என்று கூப்பிட்டார். நீலமேகம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அன்புமணிக்கு வேறு ஒன்றும் தோன்றாமல் இரண்டு கையையும் குறுக்கே போட்டார். நீலமேகத்தின் கைகள் உடனே நின்றன. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

நீலமேகத்தின் பையைத் திறந்தால் இரண்டு பாட்டில், இரண்டும் காலி. அன்புமணியின் பாட்டிலில் இரண்டு மடக்கு இருந்தது. அப்போதுதான் செங்கொடி தன் மூட்டையைப் பிரித்து உள்ளேயிருந்து மூன்று பாட்டிலை எடுத்தாள். ஜெயக்கொடியின் துணிப்பையிலிருந்து ஐந்து லிட்டர் கேன் வந்தது. ஐரீனிடம் கூடுதலாக இரண்டு பாட்டிலும் உப்புக்கரைசல் பொட்டலங்களும் இருந்தன. சுடலைராஜ் இடுப்பிலே ஒன்று கட்டியிருந்தார். இரண்டு பாட்டில் சட்டத்தை மீறியதற்கு எல்லாருக்கும் ஒரு நன்றி சொன்னார் அன்புமணி. வேறு யோசிக்க அவருக்கு அப்போது நேரமில்லை. சேலையை விரித்து நிழல் பிடித்தார்கள். ஐரீன் தலையிலும் அக்குளிலும் தண்ணீரை ஊற்றி விசிறச் சொன்னார். சுடலைராஜ் மணல்மேட்டில் ஏறிச் செல்போனில் சித்தப்பா மகனைப் பிடித்தார். முக்கால் மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தது.

திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில், இனி பயமில்லை, காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்கால வெளிச்சம் வராந்தாவில் விழுந்திருந்தது. அன்புமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்தத் தண்ணீர்க் கணக்கு அவர் மண்டைக்குள் வந்தது. ஒருவர் மறதியாகக் கூடுதலாக எடுத்து வரலாம். நாலு பேரும் எடுத்து வருவார்களா?

சுடலைராஜைக் கேட்டார். ஜெயக்கொடிதான் சொன்னாள். "ஆனி, ஆடியிலே இங்க நாள் பூரா மேக்க இருந்து வீசுற மேகாத்துல்லா அண்ணாச்சி. கடல் காத்து தேரிக்குள்ளயே வராது. மத்தியானம் ஆடுமாடு கூட எறங்காது. ரயில்ல வரும்போதே நான் அக்காகிட்டயும் நர்ஸம்மாகிட்டயும் சொன்னேன். நீங்க அப்பம் தூங்கிட்டு இருந்திய."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"காத்து விசயத்துல நீங்க பேசுனா பெறவு யாரு வாயத் தொறக்க?"

அன்புமணி திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா மூஞ்ச தூக்கி வச்சிக்குவ. ஐரீனம்மா கைல பேசாம கெடந்தியே. அதான் எதுக்கு வம்புன்னு தண்ணி கட்டிக்கினு வந்தோம்" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. வீட்டு நடைமுறையைச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் அடித்தது.

ஆறு பேரில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, அவர் கையை உயர்த்தியதும் எழுந்து வந்திருக்கிறார்கள். மணலில் இறங்கியிருக்கிறார்கள். அவருடைய மூஞ்சிக்குப் பயந்து! நீலமேகத்துக்கும் தெரியுமா என்று கேட்டார்.

அவரிடம் யாரும் சொல்லவில்லை என்றார் ஐரீன். சொன்னால் நேராக வந்து அன்புமணியிடம் கேட்டுவிடுவார் என்று பயந்தார்களாம்.

வார்டு நர்ஸ் வந்து, கண் விழித்துவிட்டார், ஒருவர் மட்டும் பார்க்கலாம் என்றாள். அன்புமணி உள்ளே போனார். நீலமேகத்தின் உதடு வெடித்திருந்தது. புருவத்தில் சிவப்பு மணல் ஒட்டியிருந்தது. குளுக்கோஸ் ஏறாத கையை அன்புமணி பிடித்துக்கொண்டார். நீலமேகம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"எத்தினி மணிக்கு மாமு காத்து திரும்பிச்சி?"

அன்புமணி கையை விடாமல் சொன்னார். "திரும்பவே இல்ல மாமு. இந்த ஊர்ல இந்த மாசத்துல அது திரும்பாதாம்."

நீலமேகம் அதை நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார்.

"இன்னா மாமு நீ. அப்பிடி இருந்தா நீ சொல்லியிருப்பியே" என்றார்.