லேட் டென்பி

மூன்று குடும்பப் பெயர் இருந்தால் மூன்று புருஷன் என்று எதிர்வீட்டு ஐவிக்கு யார் சொன்னார்களோ! ஹில்டாவின் தாய் செலினா கட்டியது இரண்டே பேரை; அதுவும் ஒருவன் செத்த பின்புதான் மற்றவனை. அந்தத் தெருவில் எவள் வந்து கேட்டாலும் இன்றைக்கு ஹில்டாவின் பதில் இதுதான்.

ஹில்டா யார்க்‌ஷயரின் கம்பளி ஆலையில், நெய்த துணியில் முடிச்சு எடுத்தே அறுபதைத் தொட்டவள். அவளுடைய இரண்டு வயதில் தாய் இறந்துவிட்டாள். முகம் நினைவில்லை, ஒரு படமும் இல்லை. தாய்வழிச் சொந்தம் யாரிடமாவது படம் இருக்காதா என்பதுதான் அவள் ஏக்கம். கையில் இருந்ததோ பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். தாயின் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: ‘செலினா கிளெக், லேட் டென்பி, முன்பு ஹார்ட்லி.’

கிளெக் அப்பா பெயர். லேட் என்றால் காலமானவர்தானே? செத்துப்போன டென்பிதான் தாத்தா என்று முடிவுகட்டினாள். ஹார்ட்லியை, குமாஸ்தா முதலில் தப்பாக எழுதியது என்று விட்டுவிட்டாள். நாலு வருஷம், ஞாயிறு தவறாமல், டென்பி கல்லறைகளில் பாசி சுரண்டித் தாய்வழிச் சொந்தத்தைத் தேடினாள். செலினா என்ற பெயர் ஒரு கல்லிலும் இல்லை.

மீன் வறுவல் கடை வரிசையில் ஐவி வாயைத் திறந்தாள்.

“என்னடி ஹில்டா, உங்கம்மா புருஷனுங்கள எண்ண ஒரு கை போதுமா?”

“எண்ணத் தெரிஞ்சவ, உன் வீட்டுக்காரர் குடிக்கிற கிளாஸ எண்ணேன்!”

வாயடித்துவிட்டாள், மனம் ஆறவில்லை. மறுநாளே சான்றிதழோடு பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

“லேட்னா செத்தவர் இல்லம்மா,” என்றாள் அங்கிருந்த பெண். “முதல் கல்யாணத்துல வந்த பேரு. ‘முன்பு’ன்னு இருக்கே, அதுதான் உங்கம்மா பொறந்த வீட்டுப் பேரு.”

ஹார்ட்லி! தினமும் வாசலில் வைக்கிற பால் புட்டியில் இருக்கும் பெயரல்லவா அது! விடிந்ததும் பால்காரரை மறித்தாள். ஐம்பது வயது மனிதர்.

“உங்க வீட்ல செலினான்னு யாராச்சும் இருந்தாங்களா?”

“எங்கத்தை பேராச்சே அது! அப்பாவோட தங்கச்சி. டென்பி செத்தப்புறம் கிளெக்கைக் கட்டுனாங்கன்னு அப்பா பேச்சையே நிறுத்திட்டாரு. அத்தை படத்தை மட்டும் சுவத்துலேருந்து எடுக்கல. நீங்க யாரு?”

ஹில்டா சொன்னாள். அவர் பால் புட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அந்த ஞாயிறு ஹில்டா பாசி சுரண்டும் பிரஷ்ஷை எடுக்கவில்லை. நல்ல தொப்பியை மாட்டினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஐவி.

“இன்னிக்கு எந்தக் கல்லறைக்கு?”

“மாமன் வீட்டுக்குடி!” என்று கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.